மூணாவது ரவுண்டு பாக்கி

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க ஆப்பத்தத் தின்னுட்டு கையக் கழுவிக்கினு போயிக்கினே இருங்க, எனக்கொண்ணும் நஷ்டமில்ல. காசிமேட்டுல கயித்துக் குடோன் தெருவுல, குத்துச்சண்டக் கூடத்து வாசல்ல, வடகறிச் சட்டிக்குப் பின்னாடி குந்திக்கினு இதையெல்லாம் என் கண்ணால பாத்தவ நான், பேரு ஸ்டெல்லா, எனக்குப் பொய் சொல்லித்தான் ஆப்பம் விக்கணும்னு இல்ல. விஷயம் இதுதான்: எத்திராஜு குத்தினா வலி போவும். வராது, போவும். அவன் வலது கை எங்க போயி வுழுதோ அங்க இருந்த நோவு அந்த நிமிஷமே எழுந்து ஓடிடும்.

மொதல்ல தெரிஞ்சது ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம். ரொம்ப வருஷம் ஒதுக்கி வச்சிருந்துட்டு எத்திராஜ மறுபடி ரிங்குல ஏத்தியிருந்தாங்க. எதிர்ல ஓட்டேரி டில்லிபாபு, சின்ன வயசு, கடவாப்பல்லு சொத்தையாயி ஒரு பக்கக் கன்னம் பன்னு கணக்கா உப்பிப் போயி, எச்சிலு முழுங்கக் கூட முடியாம வந்து நின்னான். எத்திராஜு வுடுவானா? வீங்கின கன்னத்துக்கே குறி வச்சு, இடுப்பத் திருப்பி, மொத்த ஒடம்பையும் கையில ஏத்தி ஒண்ணு வுட்டான் பாருங்க, கூடமே அய்யய்யோன்னு கண்ண மூடிக்கிச்சு. தொறந்து பாத்தா டில்லிபாபு சிரிச்சிக்கினு நிக்கறான். வீக்கம் வத்திப் போயி கன்னம் ரெண்டும் ஒண்ணு போல கீது. நாக்கால பல்லத் தடவிப் பாத்தான், "ரொம்ப தேங்க்ஸ்ணா"ன்னான், அப்பால மிச்சம் இருந்த ரவுண்டு பூரா எத்திராஜ வெளுத்து வாங்கிட்டான்.

எங்காளுங்க யாரும் வாயப் பொளக்கல. ஊர்ல எவன் குத்தினாலும் பல்லு வுழும், இவன் குத்தினா பல்லு வலி போவுது, இவனுக்கு எதுதான் ஒழுங்கா வந்துச்சுன்னு திட்டிக்கினே ஆளுக்கு ரெண்டு ஆப்பத்தக் கட்டிக்கினு வூட்டுக்குப் போனாங்க. ஆனா மறுநாள் காலைல, மீன் பொட்டி தூக்க எத்திராஜு துறைமுகத்துக்குக் கெளம்பறதுக்குள்ள, அவன் வூட்டு வாசல்ல தோள்பட்ட இறங்கினவன் ஒருத்தன், கழுத்து சுளுக்கினவன் ஒருத்தன், காரணமே இல்லாம சும்மா பாக்க வந்தவங்க ஒரு கூட்டம்.

அவன அவ்ளோ கேவலமா ஏன் பேசறாங்கன்னு கேப்பீங்க. எங்க தெருவுல அவனுக்கு 'அப்பால எத்திராஜு'ன்னு பேரு. மணி அடிச்சப்பால குத்தினவன். அவனுக்கு மொத மொத கையில துணி சுத்திவுட்டு, இப்பிடி நில்லு, இப்பிடி மூச்சு வுடுன்னு ரிங்குக்கு இட்டாந்தவரே இதே கூடத்துல ஆடின கிளமெண்ட் அண்ணன்தான். பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டேட் டீமுக்கு ஒருத்தன எடுக்கறதுக்கு இவங்க ரெண்டு பேருக்குமே சண்ட வச்சாங்க. ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு மணி அடிச்சுது, அண்ணன் கையக் கீழ வுட்டுட்டு தன் மூலைக்குத் திரும்பினாரு, திரும்பின தலையில, எடது காது மேல, எத்திராஜு ஒண்ணு வுட்டான். அண்ணன் வுழுந்தாரு. காதுல ரத்தம். அதோட அந்தக் காது போச்சு, காது போனா நெதானம் போவுமாம், நெதானம் போனா ரிங்கு ஏது, ஸ்டேட் டீம் ஏது, ஐஸ் பாக்டரிதான். எத்திராஜ நடுவுல நிக்க வச்சு ஏண்டா குத்தினேன்னு கேட்டப்ப, "மணி கேக்கல"ன்னான். கேட்டவங்க எல்லாருக்கும் அதையேதான் சொன்னான். அன்னிலேந்து அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல.

எங்க கூடத்துல ஒரு வழக்கம் கீது. சண்ட முடிஞ்சதும் தோத்தவன் என் கடையில ஒரு பன்னீர் சோடா வாங்கி, தானே கோலிய அமுக்கித் தொறந்து ஜெயிச்சவன் கையில குடுக்கணும். ஜெயிச்சவன் பாதி குடிச்சிட்டு மீதிய அவனுக்கே குடுக்கணும். வயித்துல இருக்கற பக எல்லாம் ஏப்பமா வெளிய போயிடும். அன்னிக்கு அந்த சோடா தொறக்கவே இல்ல. சண்டையே முடியலியே, எங்கேந்து தொறக்கறது.

சரி, குத்து விஷயத்துக்கு வரேன். ஒரு மாசத்துல எங்க தெரு பழகிக்கிச்சு. காலைல பால் வாங்க நிக்கற மாதிரி குத்து வாங்க நின்னாங்க. மெதுவா குத்தினா பாதி வலிதான் போவும், நல்லா வுடணும். க்ளவுஸ் போட்டா மூட்டு வலி, சுளுக்கு எல்லாம் போவும், ஆனா காய்ச்சலுக்கு வெறுங்கைதான். சோறு தின்னதும் வயித்துல வாங்கக் கூடாது. இப்பிடி சட்டமெல்லாம் தானா வந்துச்சு. பொம்பளைங்கதான் மொதல்ல யோசிச்சாங்க. "ஆம்பள கையால அடி வாங்கறதுக்கு நான் வரிசையில வேற நிக்கணுமா, அதான் வூட்லயே கெடைக்குதே"ன்னு நண்டு விக்கற மல்லிகா கேட்டா, எல்லாரும் சிரிச்சோம், சிரிச்சதுல பாதி பேருக்கு சிரிப்பு சரியா வரல. அப்பால அவளே இடுப்பு வலி தாங்காம ஒரு நாள் வந்து, பல்லக் கடிச்சிக்கினு வாங்கிட்டு, நிமிந்து நின்னு, "பாவிங்களா, இத்தன பேர்ல ஒருத்தன் கைதான் ஒழுங்கா கீது"ன்னுட்டுக் கூடையத் தூக்கிக்கினு போனா.

சர்ச்சு பாதரு, இது அற்புதமா இல்லையான்னு தீர விசாரிக்காம சொல்ல முடியாதுன்னு பிரசங்கத்துல சொல்லிட்டு, திங்கக்கெழம முட்டி வலியோட வந்தாரு. முட்டியில குத்தறதுக்கு எத்திராஜு அவரு முன்னாடி மண்டி போட்டான், தெருவுல போனவங்கெல்லாம் பாவமன்னிப்பு கேக்கறான் போலன்னு நெனச்சு சிலுவ போட்டுக்கினு போனாங்க. வட்டச் செயலாளரு வாயுத் தொல்லைக்கு வந்தாரு. அவருக்கு மட்டும் சுத்தி வேட்டி கட்டி மறைக்கணும்னாரு, நாளைக்கு எவனாவது போட்டோ எடுத்து பொதுமக்கள் கையால அடி வாங்கினாருன்னு போட்டுட்டா என்னா பண்றது. மெடிக்கல் ஷாப் குணசீலன்தான் கொதிச்சாரு. டாக்டருக்குப் படிக்காதவன் எப்பிடிக் குத்தலாம், போலீசுல சொல்றேன், மேலெடத்துக்கு எழுதறேன்னு குதிச்ச மனுஷன், ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரமாப் பாத்து மூலத்துக்கு வந்து நின்னாரு. எங்க குத்தறதுன்னு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கினாங்க. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.

இவ்ளோ பேருக்கு நல்லது பண்ணவன் சந்தோஷமா இருக்கணும் இல்ல? இல்லியே. ஏன்னா ரிங்குல அவன் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுது. வியாசர்பாடி, பேசின்பிரிட்ஜ், எங்கெங்கேயோ இருந்து கிளப்புக்காரங்க எங்க கூடத்து வாத்தியாரு கிட்ட, "மாஸ்டர், நம்ம பையனுக்குத் தோள் புடிச்சிக்கிச்சு, எத்திராஜோட ஒரு மேட்ச் போடுங்களேன்"னு வந்தாங்க. வந்தவன் எல்லாம் நொண்டிக்கினு ஏறுவான், எத்திராஜு கிட்ட நாலு குத்து வாங்கிக் குணமாவான், குணமான கையாலயே எத்திராஜப் படுக்க வச்சிட்டு குதிச்சு எறங்கிப் போவான். ஒவ்வொரு தடவையும் தோத்தவன்னு இவன்தான் என் கிட்ட வந்து சோடா வாங்குவான். அமுக்கி அமுக்கி அவன் கட்டவெரலே காய்ச்சுப் போச்சு.

ஒரு நாள் ஒதடு கிழிஞ்சு வந்து குந்தினான். நான் ஆப்பத்து மேல தேங்காப்பால ஊத்திக் குடுத்தேன். தின்னல.

"யக்கா, இந்த ஒலகத்துல ஒருத்தனாவது நான் குத்தினா வலிக்குதுன்னு சொல்ல மாட்டானா?"

"ஏண்டா, ஊரே கும்புடுது, அவங்களுக்கு வலிக்கலன்னு உனக்கு வருத்தமா?"

"ஊரு கும்புட்டு இன்னா பண்றது. எனக்கு ஜெயிக்கக் கூட வேணாங்கா. கிளமெண்ட் அண்ணன் காதுல ஒரே ஒரு குத்து. அந்தக் காது மட்டும் சரியாயிடுச்சுன்னா அப்பால இந்தக் கை அழுகிப் போனாலும் பரவால்ல."

சொல்லிட்டு அழுதான். அத்தாம் பெரிய ஆளு, கிழிஞ்ச ஒதட்ட மடிச்சிக்கினு, கொழந்த மாதிரி. எனக்கு அவன் மேல எரிச்சலும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. அழுவற வாயால உண்மையச் சொன்னா இன்னாடான்னு கேக்கலாம்னு பாத்தேன், ஆப்பச் சட்டி கருகிக்கினு இருந்துச்சு.

நான்தான் அவன ஐஸ் பாக்டரிக்கு இட்டுக்கினு போனேன். சூடா ஆப்பமும் எடுத்துக்கினேன். கிளமெண்ட் அண்ணன் ஐஸ் ஒடைக்கிற மிஷினு கிட்ட நின்னுக்கினு இருந்தாரு. நாப்பது தாண்டிட்டாரு, தொப்ப வந்துடுச்சு, தோள் ஒரு பக்கம் தூக்க முடியாது. அந்த மிஷினு சத்தத்துல மத்தவங்கெல்லாம் காதுல பஞ்சு வச்சிருப்பாங்க, அவரு ஒரு காதுக்கு மட்டும் வச்சிருப்பாரு.

"அண்ணா"ன்னான் எத்திராஜு. அண்ணன் மிஷின நிறுத்தினாரு. நல்ல காதுப் பஞ்ச எடுத்தாரு.

"ஒரே ஒரு குத்துணா. காதுல. சரியாயிடும்ணா. ஊருக்கே சரியாவுது."

அண்ணன் பஞ்ச வெரல்ல உருட்டிக்கினே கேட்டாரு. "அன்னிக்கு மணி உனக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?"

எத்திராஜு வாயத் தொறந்தான். எனக்குத் தெரியும், தொறந்தப்ப உள்ள வேற பதிலு இருந்துச்சு, பல்லு வரைக்கும் வந்துச்சு. ஆனா வருஷக் கணக்கா ஒரே பாட்ட பாடின நாக்கு.

"கேக்கலணா."

"சரி. அப்ப எனக்கும் கேக்க வேணாம். போ."

மறுபடி பஞ்ச வச்சிக்கினு மிஷின ஓடவுட்டுட்டாரு. ஆப்பத்த மட்டும் வாங்கிக்கினாரு.

வுடுவாங்களா எங்க தெருக்காரங்க? அண்ணன் பொண்டாட்டி ரெஜினாதான் மொதல்ல ஆரம்பிச்சா. "ஊருல இருக்கற நொண்டி மொடம் எல்லாம் குதிச்சிக்கினு போவுது, என் வூட்டுக்காரருக்கு மட்டும் வீம்பு! நான் திட்டினா நல்ல காதத் தலைகாணியில வச்சு அழுத்திக்கினு படுத்துக்கறாரு, நான் இத்தன வருஷமா செவுத்துக்கிட்ட பேசற மாதிரி பேசிக்கினு கெடக்கறேன், அவரு கேக்காத காத வச்சே குடும்பம் நடத்திட்டாரு"ன்னு என் கடை வாசல்லயே கத்தினா. பாதரு பேசினாரு, குணசீலன் பேசினாரு, மல்லிகா நண்டு குடுத்து பேசினா. அண்ணன் எல்லாருக்கும் கேக்காத காதக் காட்டினாரு. கடைசியா ஒரு நாள் கூடத்துக்கு வந்து, எல்லார் முன்னாடியும் சொன்னாரு.

"எனக்கு எவனும் வைத்தியம் பண்ண வேணாம். ஆனா மூணாவது ரவுண்டு ஒண்ணு பாக்கி கீது. அத ஆடிடறேன். அதுல அவனால காதுல குத்த முடிஞ்சா குத்திக்கட்டும்."

ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூடத்துல ஈ நொழைய எடம் இல்ல. ஜன்னல்ல, செவுத்து மேல, ஐஸ் வண்டி மேல எல்லாம் ஆளு. மணி அடிக்கறது கன்னியப்பன், அன்னிக்கும் அவன்தான் அடிச்சான், பழைய போட்டுலேந்து கழட்டின பித்தள மணி, மேச மேல வச்சிருக்கும். கிளமெண்ட் அண்ணன் தொப்பைக்கு மேல நிக்கரு நிக்காம ஒரு கயித்தால கட்டிக்கினு ஏறினாரு. ரெஜினா ஜெபமாலைய உருட்டிக்கினே, "ஒழுங்கா வாங்கிட்டு எறங்குங்க"ன்னு கத்தினா.

மணி அடிச்சுது. எத்திராஜு காதுக்குத்தான் வுட்டான். அண்ணன் எடது கைய காது மேல ஒட்ட வச்சிக்கினாரு, போன்ல பேசற மாதிரி, எடுக்கவே இல்ல. வுட்ட குத்து நழுவி வலது தோள்ல வுழுந்துச்சு, வருஷக்கணக்கா தூக்க முடியாத தோள் அது, அண்ணன் அத ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு, அடுத்த நிமிஷம் அந்தக் கையாலயே எத்திராஜு மூக்குல ஒண்ணு. எத்திராஜு மறுபடி காதுக்கு வுட்டான், வயித்துல வுழுந்துச்சு, அண்ணன் பெரிசா ஒரு ஏப்பம் வுட்டாரு, தொப்ப பாதி எறங்கின மாதிரி குதிக்க ஆரம்பிச்சாரு. முதுகுல வுழுந்துச்சு, முதுகு நிமிந்துச்சு. இவன் குத்தக் குத்த அவரு எளசாயிக்கினே போறாரு, அவரு எளசாவ எளசாவ இவன் மூஞ்சி கிழிஞ்சிக்கினே போவுது. எங்காளுங்களுக்கு யாருக்குக் கை தட்டறதுன்னே தெரியல, ரெண்டு பேருக்கும் தட்டினாங்க. ஒரு கண்ணு மூடிப் போயி, ரத்தத்த முழுங்கிக்கினு, அந்தப் படுபாவி எத்திராஜு வேற எங்கயும் பாக்கல, காதையேதான் பாத்தான்.

ரவுண்டு முடிஞ்சிடுச்சு. கன்னியப்பன் மணிய அடிச்சான்.

எத்திராஜு கைய கீழ வுட்டான். அண்ணனுக்கு எடது பக்கம்தான் மணி, அந்தப் பக்கம் அவருக்கு ஒலகமே கெடையாது, வலது காதுல ரெஜினா கத்தறதும் கூடம் கத்தறதும். கையக் கீழ வுட்டு நின்னுக்கினு இருந்தவன் தாடையில, குணமான தோள மொத்தமா சுத்தி, கிளமெண்ட் அண்ணன் ஒண்ணு வுட்டாரு. எத்திராஜு கட்டைய வெட்டிப் போட்ட மாதிரி வுழுந்தான்.

கூடமே கத்த ஆரம்பிச்சுது பாருங்க. "ஃபவுலு! மணி அடிச்சப்பால குத்திட்டாரு! ஃபவுலு!"

அண்ணனுக்கு ஒண்ணும் புரியல. சுத்திச் சுத்திப் பாத்தாரு. மேச மேல மணி இன்னும் நடுங்கிக்கினு இருந்துச்சு. அதப் பாத்ததும் அவரு மூஞ்சி செத்துப் போச்சு. தன் கையத் தானே பாத்துக்கினு நின்னாரு.

அப்பதான் கீழேந்து எத்திராஜு ஒரு கையத் தூக்கினான். "கத்தாதீங்கடா. அவருக்குக் கேக்கலடா. அந்தக் காதுல எப்பிடிடா கேக்கும்?" வாயில இருந்த ரத்தத்தத் துப்பினான். "அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு."

கிளமெண்ட் அண்ணன் குனிஞ்சாரு. நல்ல காத அவன் வாய் கிட்ட கொண்டாந்தாரு. "இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"மணி கேட்டுச்சுணா. நல்லா கேட்டுச்சு. நீ ஜெயிச்சிக்கினு இருந்த, மூணாவது ரவுண்டுல என்ன வுட மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு. கேட்டுட்டுத்தான் குத்தினேன்."

ரெஜினாவோட ஜெபமாலை நின்னுடுச்சு. அண்ணன் மண்டி போட்டு அவன் பக்கத்துல குந்தினாரு. தலையத் திருப்பி எடது காதக் காட்டினாரு.

"இப்ப குத்து."

எத்திராஜு முடியாதுன்னு தலைய ஆட்டினான். தேம்பித் தேம்பி அழுதான். "மணி அடிச்சாச்சுணா. குத்த மாட்டேன்."

அண்ணன் பாத்தாரு. அவன் வலது கைய க்ளவுஸோட புடிச்சுத் தூக்கினாரு, ஒரு தடவ ஓங்கி, தன் காதுல தானே இடிச்சிக்கினாரு.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்பால அண்ணன், "கன்னியப்பா, ஏண்டா இப்ப மணி அடிக்கற?"ன்னாரு.

கன்னியப்பன் ரெண்டு கையாலயும் மணியக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னான். "நான் அடிக்கலணா!"

அடிக்கலதான். அந்தக் காது கடைசியாக் கேட்டது அன்னிக்கு அடிச்ச மணிய. பாதி கேக்கறதுக்குள்ள குத்து வுழுந்துடுச்சு, மீதிப் பாதி இத்தன வருஷமா உள்ளயே வழி தெரியாம நின்னுக்கினு இருந்துச்சு, இப்ப கதவு தொறந்ததும் வருது. அது மொத்தமும் ஓஞ்சு அடங்கற வரைக்கும் அண்ணன் கண்ண மூடிக்கினு கேட்டாரு. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல, ஆனா அவருக்காக யாரும் இருமக் கூட இல்ல. கண்ணத் தொறந்து, "ரெண்டாவது ரவுண்டு இப்பதாண்டா முடிஞ்சுது"ன்னாரு. அவரு கண்ணுலயும் தண்ணி.

அத்தோட முடிஞ்சுதா? வாசலுக்கு வந்து ரெண்டு பேரும் என் கடையில கைய நீட்டினாங்க. "யக்கா, சோடா குடு. நான்தான் தோத்தேன், கீழ வுழுந்தவன் நான்"னு எத்திராஜு. "ஏய், மணி அடிச்சப்பால குத்தினவன் நானு, ஃபவுல் ஆனவன்தான் தோத்தவன், என் கிட்ட குடு ஸ்டெல்லா"ன்னு அண்ணன். எங்க கூடத்துல நான் தான் ஜெயிச்சேன்னு அடிச்சிக்கினவங்கள நெறைய பாத்திருக்கேன், நான் தான் தோத்தேன்னு அடிச்சிக்கினவங்கள அன்னிக்குத்தான் பாத்தேன். பாட்டில ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இழுக்கறானுங்க. பேச்சு முத்திப் போயி, "சொன்னா கேளுணா"ன்னு எத்திராஜு சும்மா வெளையாட்டா அண்ணன் புஜத்துல ஒரு குத்து வுட்டான்.

"ஆ!"ன்னாரு அண்ணன்.

சுத்தி நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. குணசீலன் ஓடியாந்து அண்ணன் கைய வெளிச்சத்துல காட்டிப் பாத்தாரு. செவந்து போயிருந்துச்சு. "போச்சு"ன்னு மல்லிகா தலையில கைய வச்சிக்கினா, "நாளைக்கு எங்க மாமியாள இட்டாரலாம்னு இருந்தேனே"ன்னு ஒருத்தி அழுவாத கொறையா நின்னா, குணசீலன் மட்டும் மொகத்த சோகமா வச்சிக்கினு கடையத் தொறக்கப் போயிட்டாரு.

எத்திராஜு அவங்க யாரையும் பாக்கல. "அண்ணா, வலிக்குதா?"

"வலிக்குதுடா, பாவி."

"நெசமாவா?"

"ரெண்டு காதாலயும் கேட்டுக்கோ, வலிக்குது!"

அதக் கேட்டு அந்த ஒத்தக் கண்ணன் சிரிச்சான் பாருங்க, கிழிஞ்ச ஒதடு மறுபடி கிழிஞ்சு ரத்தம் வழிய வழிய சிரிச்சான். எனக்கு ஆப்பம் விக்கற நேரம் போயிக்கினு இருந்துச்சு. பாட்டிலப் புடுங்கி, நானே கோலிய அமுக்கித் தொறந்து நடுவுல வச்சேன். "ரெண்டு பேரும் தோத்தவனுங்கதான், குடிச்சிட்டு எடத்தக் காலி பண்ணுங்கடா"ன்னேன்.

குடிச்சானுங்க.